மெக்கானிக்கின் வீட்டுக்காரர்

கயிற்றின் நுனியை வலது மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றி, இறுக்கி, ஒருமுறை வெடுக்கென்று இழுத்துப் பார்த்துக்கொண்ட பிறகுதான் அவர் வாயைத் திறப்பார். திறந்தால் மூட மாட்டார். "பார்த்து. சன்ஷேடு ஈரமா இருக்கு, பாசி இருக்கும். கால அகட்டி வை. பிராக்கெட்ல கை வைக்காத. வச்சிட்டியா? எடு எடு. அந்தப் பக்கம் சாயாத, இந்தப் பக்கம் சாயி." ஜன்னலுக்கு வெளியே, ஏசியின் அவுட்டோர் பெட்டிக்கு எதிரே குந்தி உட்கார்ந்திருக்கும் அவருடைய மனைவி, அவர் சொல்லும் எல்லாவற்றையும் அவர் சொல்வதற்கு முன்பே செய்து முடித்திருப்பார். பதிலுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் உள்ளே வரும். "சரிங்க."

கடலை ஒட்டிய அந்தக் குடியிருப்புகளில் ஏசி மெக்கானிக் யார் என்று கேட்டால் மனைவியைத்தான் காட்டுவார்கள். அவரைப் பற்றிக் கேட்டால், "மெக்கானிக்கோட வீட்டுக்காரர்" என்பார்கள். கொஞ்ச காலம் முன்பு வரை இது நேர்மாறாக இருந்தது. அப்போது அவர் மெக்கானிக், மனைவி 'மெக்கானிக் சம்சாரம்'. ஊர்வாய் மாறிய வேகத்துக்கு அவருடைய மனசு இன்னும் மாறி முடிக்கவில்லை. இருந்தாலும் யாராவது அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கத்தான் செய்கிறார். "எப்படிக் கூப்பிட்டா என்னங்க, வேலைக்குக் கூப்பிடறாங்கல்ல" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். சிரிப்பு முழுதாக இருக்காது.

வலது கால் அவருக்கு மடங்காது. ஸ்கூட்டரை மனைவி ஓட்ட, பின்னால் உட்கார்ந்து வரும்போது அந்தக் கால் தனியொரு வாகனம் போலப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் வருகிறவர்கள் திட்டுவார்கள். "சார், கால் இண்டிகேட்டர் போடாது, நீங்கதான் பார்த்துப் போகணும்" என்று இவரும் விடாமல் பதில் சொல்வார். மடியில் தண்ணீர் பீய்ச்சும் பம்ப், தோளில் கயிற்றுச் சுருள், முதுகுப்பைக்கு வெளியே தலை நீட்டும் ஓர் இரும்புக் குழாய். மெக்கானிக் அவருடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கருமமே கண்ணாக ஓட்டிப் போவார்.

வீட்டுக்குள் போனதும் அவருக்கென்று சில வேலைகள் உண்டு. மெக்கானிக் ஏணி மேல் ஏறி ஏசிக்குக் கீழே பாலிதீன் பையைக் கட்டித் தொங்கவிடுவார். மெக்கானிக் கழற்றித் தரும் ஃபில்டரை அவர் வாங்கிக்கொண்டு குளியலறைக்குப் போய், ஸ்டூல் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, பழைய பல்துலக்கியால் தேய்ப்பார். தேய்ப்பதற்கு முன்னால் ஃபில்டரை ஒருமுறை மோந்து பார்ப்பார். பார்த்துவிட்டுக் குறி சொல்ல ஆரம்பிப்பார். "ஈரத் துணிய ரூமுக்குள்ள காயப் போடறீங்க. அதான் பூஞ்சை பிடிக்குது." பெரும்பாலும் சரியாக இருக்கும். ஒருமுறை ஃபில்டரில் ஒட்டியிருந்த முடியைப் பார்த்து, "வீட்டுல நாய் வளர்க்கறீங்களா?" என்று கேட்டுவிட்டார். நாய் இல்லை. வழுக்கை விழ ஆரம்பித்திருந்த வீட்டுத் தலைவர்தான் எதிரே நின்றுகொண்டிருந்தார். மெக்கானிக் ஏணியில் நின்றபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

உப்புக்காற்றைப் பற்றிப் பேசினால் அவரை நிறுத்த முடியாது. "அது சும்மா போற காத்து இல்லைங்க. இரும்பக் கண்டா நக்கிட்டே இருக்கும். வாரத்துக்கு ஒருதரம் அவுட்டோர் மேல நல்ல தண்ணிய ஊத்துங்க, போதும். நீங்க என்னடான்னா அதுக்கு ரெயின்கோட்டு மாட்டி விடறீங்க." இது பொய்யில்லை. காற்றிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து, பிளாஸ்டிக் சீட்டு, பழைய போர்வை, ஒரு வீட்டில் குழந்தையின் மழைச்சட்டையைக்கூட அவுட்டோருக்குப் போர்த்தியிருந்தார்கள். "மூக்கையும் வாயையும் பொத்திட்டு உங்கள ஓடச் சொன்னா ஓடுவீங்களா?" என்று கேட்பார். வீட்டுக்காரர்கள் அசடு வழிவார்கள். இந்த மாதிரி நேரங்களில் அவர் பழைய மெக்கானிக்காக ஆகிவிடுவார். குரல்கூடக் கொஞ்சம் ஏறும்.

ஆனால் அவுட்டோர் பக்கம் வந்துவிட்டால் பேச்சு வேறு மாதிரி ஆகும். ஜன்னல் வழியாகக் கையை விட்டு, பெட்டியைத் தாங்கும் பிராக்கெட்டை ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டுவார். பெயின்ட் புதிதாக இருந்தால் இன்னும் அழுத்திச் சுரண்டுவார். அதற்கொரு காரணம் இருக்கிறது.

கயிறு கட்டுவது பயந்தாங்கொள்ளி வேலை என்று ஒருகாலத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர். "கயிறு கட்டினா கை ஓடாது" என்பார். ஒரு வீட்டில் பிராக்கெட் பளபளவென்று வெள்ளையாக இருந்தது. வீட்டுக்காரர் முந்தின வாரம்தான் துருவின் மேல் அப்படியே பெயின்ட் அடித்திருந்தார். அந்த வெள்ளையை நம்பி இவர் அதன்மேல் கால் வைத்தார். கீழே ஒரு தகரக் கூரை இருந்ததால் உயிர் தப்பியது. இடுப்பில் கம்பி வைத்தார்கள். கால் நீட்டியது நீட்டியபடி நின்றுவிட்டது.

அவர் படுத்துக் கிடந்த மாதங்களில் போனை மனைவிதான் எடுப்பார். "அவரால இப்ப வர முடியாதுங்க" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவரிடம், ஒரு வாடிக்கையாளர், "நீங்கதான் கூடவே வந்து ஸ்பேனர் எடுத்துக் குடுப்பீங்களே, நீங்களே வந்து கழுவிக் குடுங்களேன்" என்றார். மனைவி போனார். அவர் படுக்கையிலிருந்து வீடியோ காலில் சொல்லச் சொல்ல, மனைவி அங்கே செய்தார். தண்ணீர் வடியும் டிரெயின் குழாயில் கொழகொழவென்று அடைத்திருந்த அழுக்கை எப்படி ஊதித் தள்ளுவது என்று படுத்தபடியே கன்னத்தை உப்பிக் காட்டியிருக்கிறார். ஒருநாள் பாதி வேலையில் போனில் சார்ஜ் போய்விட்டது. இங்கே அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் லைன் கிடைத்தபோது மனைவி சொன்னார்: "முடிச்சிட்டேங்க. நல்லா கூலிங் வருது." அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அதே நேரத்தில் வயிற்றுக்குள் என்னவோ காலியானது போலவும் இருந்தது. இரண்டும் உண்மை. இன்றைக்கும் அதைச் சொல்லும்போது இரண்டையும் சேர்த்தேதான் சொல்கிறார்.

எழுந்து நடக்க ஆரம்பித்ததும் அவராகப் பிடித்துக்கொண்ட வேலைதான் கயிறு. மகள் நல்ல பெல்ட்டாக, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தாள். கயிற்றின் மறுநுனியைக் கட்டுவதற்கு இரும்புக் குழாயும் அவள் ஏற்பாடுதான். அறைக்கதவின் நிலைக்கு அந்தப் பக்கமாகக் குழாயைக் குறுக்கே வைத்து அதில் கயிற்றைக் கட்டினால், யானை இழுத்தாலும் வராது. அவர் குழாயைப் பைக்குள் வைத்துச் சுமந்து வருவாரே தவிர, வெளியே எடுக்க விட்டதில்லை. "குழாய்க்கு என்ன தெரியும்? நான்னா பார்த்துட்டே இருப்பேன்" என்பார். ஜன்னலுக்கு அடியில் மனைவி தெரியும்படி தரையில் உட்கார்ந்து, இடது காலைச் சுவரில் ஊன்றி, கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்வார். அப்படிச் சுற்றவே கூடாது என்பது அவருக்குத் தெரியும். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் அவரே சொல்லியிருக்கிறார்.

"நான் விழுந்தா நீங்களும்ல சேர்ந்து வருவீங்க?" என்று மெக்கானிக் ஒருநாள் கேட்டார்.

"வர்றேன். அதுக்கென்ன இப்ப?" என்றார் அவர். மெக்கானிக் வெளியே ஈரத் துணி பிழிவதில் திடீரென்று கவனமாகிவிட்டார்.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு என்பார்களே, அவர் விஷயத்தில் அது சும்மா சொல்வதில்லை. அவர் கையில் இருப்பது மனைவியின் உயிர், அவருக்கு மிச்சமிருக்கும் தொழிலும் அதுதான். கயிறும் போய்விட்டால் ஃபில்டர் தேய்ப்பது மட்டும்தான் மிஞ்சும். அதைத் தேய்க்க அந்தந்த வீட்டுக்காரர்களே போதும்.

போன மாதம் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் அந்தக் கயிற்றுக்கே ஆபத்து வந்தது.

அந்த வீட்டில் ஒரு இளம் தாய், பிறந்து சில மாதமே ஆன குழந்தை. ஜன்னலைத் திறந்தால் கடல்காற்று ஈரத்துணியாய் முகத்தில் அப்பியது. குழந்தையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. தூங்க மாட்டாமல் சிணுங்கிக்கொண்டே இருந்தது. "ஃபேன் மாதிரி சும்மா காத்துதான் வருது அக்கா" என்றாள் அவள். அவுட்டோருக்கு நீல பிளாஸ்டிக் சீட்டில் சட்டை தைத்துப் போட்டிருந்தார்கள். அவர் அதைப் பார்த்து வாயைத் திறந்தார். மெக்கானிக் ஒரு பார்வை பார்த்ததும் மூடிக்கொண்டார்.

உள்ளே இருந்த பாகத்தைக் கழுவியும் குளிர் வரவில்லை. மெக்கானிக் பெல்ட்டை மாட்டிக்கொண்டு சன்ஷேடில் இறங்கி, சீட்டைக் கழற்றி, பெட்டியைக் கழுவிப் பார்த்தார். காஸ் குழாய்கள் வந்து சேரும் இடத்தில் இரண்டு நட்டும் பச்சை பூத்து, சுற்றிலும் எண்ணெய் கசிந்திருந்தது. பம்பால் சோப்புத் தண்ணீர் பீய்ச்சினால் கொப்புளம் கிளம்பியது. காஸ் அங்கேதான் போகிறது. நட்டு இரண்டையும் இறுக்கிவிட்டால் பிறகு காஸ் ஏற்றிக்கொள்ளலாம். சிக்கல் என்னவென்றால், ஜன்னல் பெட்டிக்கு இடப்பக்கம், நட்டு வலப்பக்கம். நடுவில் பெட்டி. சன்ஷேடிலேயே நகர்ந்து போய் எட்டிப் பிடிக்க வேண்டும்.

"கொஞ்சம் லூசு விடுங்க."

"விட்டுட்டேன்."

"விடலைங்க. இடுப்ப இழுக்குது."

"விட்டாச்சு, விட்டாச்சு. நீ ஏன் அவ்ளோ தூரம் போற? கைய நீட்டு, எட்டும்."

"எட்டலை. எனக்குத் தெரியாதா?"

அந்த நேரம் பார்த்து பிராக்கெட் 'கிறீச்' என்றது. மெக்கானிக் அதன்மேல் கால் வைக்கவில்லை, கைகூட வைக்கவில்லை. காற்றுக்குப் பெட்டி கொஞ்சம் ஆடியது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சத்தம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்த சத்தம். யோசிக்கவே இல்லை. இரண்டு கையாலும் கயிற்றைச் சுண்டி இழுத்துவிட்டார்.

மெக்கானிக் நிலைதடுமாறி முழங்கால் சன்ஷேடில் மோத விழுந்தார். ஸ்பேனர் கைநழுவிக் கீழே சந்துக்குள் போய் 'டங்' என்றது. யார் தலையிலும் விழவில்லை. குழந்தைகூடச் சிணுங்குவதை நிறுத்திவிட்டது.

மெக்கானிக் ஜன்னல் ஏறி உள்ளே வந்தார். முழங்காலில் பேன்ட் கிழிந்து ரத்தம் கசிந்தது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"இன்னைக்கு என்னை விழவச்சது உப்புக்காத்து இல்ல, பாசி இல்ல. நீங்க."

"அது கிறீச்சுன்னுச்சு. நீ போய்ட்டேன்னு..."

"நான் போகல. நீங்க பயந்தீங்க. பயந்தா பயந்துட்டேன்னு சொல்லுங்க, இழுக்காதீங்க." பிறகு கொஞ்சம் தணிந்து, "இனிமே குழாய்லயே கட்டிக்கறேன். நீங்க சும்மா உட்காருங்க" என்றார்.

அவர் மணிக்கட்டிலிருந்து கயிற்றைப் பிரித்தார். சிவப்பாக இரண்டு தடம் பதிந்திருந்தது. பையிலிருந்து குழாயை உருவி அவரே எடுத்துக் கொடுத்தார்.

மெக்கானிக் அறைக்கதவுக்கு அந்தப் பக்கம் குழாயைக் குறுக்கே வைத்துக் கயிற்றைக் கட்டினார். முடிச்சு அருமையான முடிச்சு. அவர் சொல்லிக்கொடுத்ததுதான். ஜன்னல் விளிம்பில் கயிறு உரசாமல் துண்டை மடித்துப் போட்டுவிட்டு, வேறு ஸ்பேனரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே இறங்கினார். அந்த வீட்டுப் பெண் அவருக்கு ஒரு நாற்காலியும் ஒரு கிளாஸ் டீயும் கொடுத்தாள். "கால் வலிக்குதா அண்ணா?" என்று வேறு கேட்டாள். கால் வலிக்கவில்லை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. மடியில் வைத்தார். நாற்காலிக் கையில் வைத்தார். டீ கிளாஸைப் பிடித்தார், அது போதுமான கனமாக இல்லை. வாழ்க்கையில் இவ்வளவு வெட்டியாக இதற்கு முன் உட்கார்ந்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. படுக்கையில் கிடந்தபோதுகூட போனாவது இருந்தது.

வெளியிலிருந்து மெக்கானிக்கின் குரல் வந்தது. "கயிறு பத்தல."

உள்ளே ஏறி வந்து முடிச்சை அவிழ்த்து நீட்டிக் கட்டிவிட்டு மறுபடி இறங்கினார். இப்போது கயிறு தொளதொளவென்று சன்ஷேடில் சுருண்டு கிடந்தது. வழுக்கினால் ஒரு மாடி உயரத்துக்கு விழுந்த பிறகுதான் பிடிக்கும். காலிலும் சிக்கும். மெக்கானிக்குக்கும் அது தெரிந்தது. நட்டுப் பக்கம் நகராமல் ஜன்னலை ஒட்டியே நின்றார். குழாய் கெட்டியாகப் பிடிக்கும், சந்தேகமே இல்லை. எப்போது விட வேண்டும், எவ்வளவு விட வேண்டும் என்பது மட்டும் குழாய்க்குத் தெரியாது.

பிறகு, "என்னங்க" என்றார் மெக்கானிக், ஜன்னலுக்குள் தலையை நீட்டாமலேயே.

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

ஜன்னலுக்கு அடியில் இருந்த தன் பழைய இடத்தைப் பார்த்தார். அங்கே போகவில்லை. காலை இழுத்துக்கொண்டு கதவுக்கு அந்தப் பக்கம் போனார். குழாயில் இருந்த முடிச்சை அவிழ்த்தார். தொங்கிய கயிற்றை உள்ளே வாங்கிக்கொண்டு, மணிக்கட்டில் போடும் அந்த இரண்டு சுற்றைக் குழாயில் போட்டார். மிச்ச நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கனம் வந்தால் குழாய் தாங்கிக்கொள்ளும். விடுவது மட்டும் அவர் கை. எல்லாம் சரியான முறைதான், ஒன்றே ஒன்றைத் தவிர. அங்கிருந்து பார்த்தால் மனைவி தெரியவில்லை. அறையைக் கடந்து, துண்டின் மேல் ஏறி, வெளிச்சத்துக்குள் போய் மறையும் கயிறு மட்டும்தான் தெரிந்தது.

"இருக்கு. போ" என்றார்.

கயிறு நகர்ந்தது. அவர் விரல்களுக்கு நடுவில் மெதுவாக, குழாயைச் சுற்றி, வெளியே போனது. வலப்பக்கம் போகிறாள். நின்றாள். கால் மாற்றுகிறாள். மறுபடி நகர்கிறாள். கண்ணால் பார்த்தபோது இதில் பாதிகூட அவருக்குத் தெரிந்ததில்லை. வழக்கமாகச் சொல்லும் எல்லாம், ஈரம், பாசி, பிராக்கெட், தொண்டை வரை வந்து நின்றது. நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை.

"ஒரு சாண்."

ஒரு சாண் விட்டார்.

ஸ்பேனர் நட்டைக் கவ்வும் சத்தம் கேட்டது. கிர்ரென்று ஒரு திருகல், இன்னொன்று. பிராக்கெட் மறுபடி 'கிறீச்' என்றது. அவர் கண்களை மூடிக்கொண்டார். கை அசையவில்லை.

"ஒண்ணு முடிஞ்சுது" என்றது வெளிக்குரல். "இன்னொண்ணு கீழ தள்ளி இருக்கு."

அதற்கு மேல் மெக்கானிக் எதுவும் கேட்கவில்லை. கயிறு விறைத்தபடி நின்றது. உள்ளே குழந்தை தன்பாட்டுக்கு ஏதோ மழலை பேசிக்கொண்டிருந்தது. எவ்வளவு காலமாகக் கணவரின் வாயை மூடச் சொல்லிக் கெஞ்சியிருப்பார் மெக்கானிக்! இப்போது அந்த நிசப்தம் அவருக்கே தாங்கவில்லை போலும்.

"என்னங்க... இருக்கீங்களா?"

அவர் வாயைத் திறக்கவில்லை. விரல்களைத் தளர்த்தி, கேட்காமலேயே இன்னொரு சாண் விட்டார்.